அப்பாவுக்காக மாரத்தான் ஓடி டயாலிசிஸ் ஆட்களுக்குப் பணம் திரட்டலாமா? வடசென்னை நண்பர்களின் யோசனை தேவை

கொருக்குப்பேட்டைக்காரன் | 11 ஆகஸ்ட் 2024

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டன. போன வருடக் கடைசியிலிருந்து டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. காலை ஷிப்ட், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இதயம் பலவீனமாக இருப்பதால் மாற்று சிறுநீரகப் பேச்சே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, இருக்கிற வரைக்கும் இதுதான்.

நான் மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். விடியற்காலையில் ஓடும் பழக்கம் உண்டு. சாதாரணமாக ஆறு, ஏழு கிலோமீட்டர், எப்போதாவது பத்து. வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழு தூரம், அதாவது 42.195 கிலோமீட்டர், அப்பா பெயரைச் சொல்லி ஓட ஆசை. அதை வைத்து நன்கொடை திரட்டி, அவரோடு டயாலிசிஸுக்கு வரும் வசதியில்லாத ஆட்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஐந்து மாதத்தில் இது நடக்கிற காரியமா? பணத்தை என் ஜிபே நம்பருக்கே வாங்கிக்கொள்ளலாமா? அப்புறம், அப்பா மெஷினோடு படுத்திருக்கும் படத்தை வைத்து நண்பன் ஒரு போஸ்டர் தயார் செய்து வைத்திருக்கிறான். அதைப் போடலாமா?

காலைநாலுமணி | 11 ஆகஸ்ட் 2024

தம்பி, ராயபுரம் ஆள் நான். முழு மாரத்தான் ஓடியிருக்கிறேன், கால் நகம் கறுத்துப்போய் விழுந்தும் இருக்கிறது. ஓட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

பத்து கிலோமீட்டர் ஓடுகிற உடம்பை ஐந்து மாதத்தில் நாற்பத்திரண்டுக்குத் தயார் செய்வது முடியாத காரியம் இல்லை. ஆனால் அதற்கு வாரம் நான்கு நாள் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம் கூடிக்கொண்டே போய் முப்பது கிலோமீட்டரைத் தொட வேண்டும். முப்பதைத் தாண்டியதும் உடம்பில் சேர்ந்திருக்கிற மாவுச்சத்து தீர்ந்து கால் கல்லாகும். அது தெரியாமல் போய் நிற்கிறவர்கள்தான் கடைசி பத்து கிலோமீட்டரை நொண்டிக்கொண்டே நடப்பார்கள். நீங்கள் ஷிப்ட் வேலை, வீட்டில் நோயாளி. முதல் தடவைக்குப் பாதி மாரத்தான், 21.1 கிலோமீட்டர், போதும் என்பேன்.

பாதை பற்றி ஒன்று. எண்ணூர் விரைவுச் சாலையில் ஓடாதீர்கள். லாரி வரிசை, புழுதி, சாலை ஓரத்தில் மண். காசிமேடு பக்கம் விடியும் முன்னால் ஏலம் நடக்கிற நேரத்தில் ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் தார் மேல் ஓடும், ஷூ வழுக்கும். கல்மண்டபத்திலிருந்து ராஜாஜி சாலை, கோட்டை, போர் நினைவுச் சின்னம், நேப்பியர் பாலம் வழியாக காந்தி சிலை. போய்த் திரும்பினால் ஏறக்குறைய பதினைந்து. நாலு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் வீட்டில் இருக்கலாம். இந்த ஊரில் வெயிலைவிட ஈரப்பதம்தான் ஆளைக் கொல்லும், வியர்வை வழியும், காயாது. வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளாதீர்கள், ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். ஒரு லிட்டருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். முடித்ததும் ஒரு இளநீர்.

(பெரிய ஓட்டம் எல்லாமே நேப்பியர் பாலத்தில் நின்று தெற்கே பார்த்துத்தான் கிளம்புகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கமும் சென்னைதான் என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சரி, அது வேறு இழை.)

கேரம்போர்டு | 11 ஆகஸ்ட் 2024

கோபித்துக்கொள்ளாதீர்கள் சகோ. எனக்கு ஒன்று புரியவே இல்லை. உங்கள் அப்பாவுக்குக் கிட்னி போனதற்கும் நீங்கள் ஓடுவதற்கும் என்ன சம்பந்தம்? ஷூ வாங்க ஒரு தொகை, நுழைவுக் கட்டணம் ஒரு தொகை, வாட்ச் வேறு வாங்குவீர்கள். அந்தப் பணத்தை அப்படியே கொண்டுபோய் நாலு பேருக்குக் கொடுத்தால் இன்றைக்கே வேலை முடிந்தது. ஓடினால்தான் காசு கொடுப்பேன் என்கிறவன் எப்படிப்பட்ட நண்பன்?

அந்த போஸ்டர் விஷயம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பிளெக்ஸ் அடிக்கிற ஊர்தான் இது, ஒத்துக்கொள்கிறேன். பெத்தவரைக் கூடவா?

லோகோ மாமா | 12 ஆகஸ்ட் 2024

கேரம் தம்பி கேட்ட கேள்விக்கு நம் தெருவிலேயே பதில் இருக்கிறது. இப்போது ஆடி மாதம். பெரம்பூரில் எங்கள் சந்துக்குள் நேற்று ஒரு அம்மா மஞ்சள் புடவையோடு வந்து மடியை ஏந்தினார். ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி, காருக்குக் குறைவில்லை. கணவருக்கு மூளையில் கட்டி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மடிப்பிச்சை எடுத்து அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டியிருக்கிறார். வீடு வீடாக ஒரு பிடி அரிசி, பத்து ரூபாய். அவரிடம் காசு இல்லாமலா கேட்டார்? வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்து போகிற காசிமேட்டு ஆட்களைக் கேளுங்கள், பாதிப் பேர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் நடக்கிறார்கள்.

நமக்கு வேண்டியவர் படுக்கையில் கிடக்கும்போது நம் உடம்பை வருத்திக்கொள்ளத் தோன்றுகிறது. நாலு பேர் வாசலில் போய் நிற்கவும் தோன்றுகிறது. நின்றால் அந்த வீட்டுக்காரரும் "எப்படி இருக்கிறார்?" என்று ஒரு வார்த்தை கேட்பார். வங்கி மூலம் நேராக அனுப்பினால் அந்தக் கேள்வி வராது. மாரத்தானை நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

கனடாவில் டெர்ரி பாக்ஸ் என்று ஒரு பையன் இருந்தான். எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். 1980ல் செயற்கைக் காலோடு நாட்டைக் குறுக்கே ஓடிக் கடக்கக் கிளம்பினான். 143 நாள், 5,373 கிலோமீட்டர். அதற்கு மேல் நோய் நுரையீரலுக்குப் பரவி நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் இறந்துவிட்டான். நாட்டில் தலைக்கு ஒரு டாலர் என்று கேட்டான், அந்தக் கணக்கு அவன் உயிரோடு இருக்கும்போதே நிறைந்தது. அவன் பெயரில் நம் ஐ.ஐ.டி. வளாகத்தில்கூட ஓட்டம் நடக்கிறது. இவ்வளவு பணத்தை ஒரு மனுவை எழுதி வாங்கியிருக்க முடியுமா?

கேரம்போர்டு | 12 ஆகஸ்ட் 2024

மாமா, மடிப்பிச்சை எடுக்கிற அம்மா நோயாளியின் படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரவில்லையே. டெர்ரி பாக்ஸ் தன் நோயைத் தானே சொன்னான், அது அவன் உரிமை. இங்கே நோய் அப்பாவுடையது, போஸ்டர் பையனுடையது. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

வரவுசெலவு | 12 ஆகஸ்ட் 2024

பணம் பற்றி மட்டும் பேசுகிறேன், அதுதான் என் பிழைப்பு.

உங்கள் சொந்த ஜிபே நம்பரைப் போடாதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வருகிற தொகை மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படலாம். "நான் தர்மத்துக்கு வாங்கினேன் சார்" என்று நோட்டீஸ் வந்தபிறகு நிரூபிக்க அலைய வேண்டும். அதைவிட முக்கியம், சொந்தக்காரர்களுக்குள் பேச்சு வரும். இருநூறு ரூபாய் கொடுத்த சித்தப்பா பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டையைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பார்.

நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் பதிவு (80ஜி) உள்ள ஒரு அறக்கட்டளையின் கணக்கிலேயே கொடுப்பவர்கள் நேராகப் போடட்டும். சென்னையில் 1993ல் தொடங்கிய டேங்கர் பவுண்டேஷன் ஏழைச் சிறுநீரக நோயாளிகளுக்குக் குறைந்த செலவில் டயாலிசிஸ் செய்து வருகிறது. அது போல ஒன்றில் முன்கூட்டியே பேசி, உங்கள் ஓட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டுப் பணம் வந்தால் தனியாகக் கணக்குச் சொல்வார்களா என்று கேளுங்கள். கொடுப்பவர் பான் எண் தர வேண்டும். அறக்கட்டளை 10பிஇ என்ற நன்கொடைச் சான்று தரும், அது இல்லாமல் வரிச்சலுகை கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு எப்படியும் இல்லை. ஆகவே "வரி மிச்சம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள்.

ஊசிமுனை | 13 ஆகஸ்ட் 2024

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன், வடசென்னைதான்.

யாருக்கு, எதற்குக் கொடுப்பது என்று இன்னும் ஒருவரும் பேசவில்லை. அரசு மருத்துவமனையில் டயாலிசிஸுக்குக் கட்டணம் இல்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000க்குள் இருந்தால் முதல்வர் காப்பீட்டு அட்டையை வைத்து, திட்டத்தில் உள்ள தனியார் இடங்களிலும் செய்துகொள்ளலாம். மெஷின் செலவு பெரும்பாலும் எப்படியோ ஓடிவிடுகிறது. ஆள் நின்று போவது எதனால் என்று நினைக்கிறீர்கள்? ஆட்டோ காசு.

வாரம் மூன்று நாள், போக வர ஆறு சவாரி. காலையில் வரும்போது பஸ்ஸில் வந்துவிடுவார்கள். பெண்களுக்குச் சாதாரண பேருந்தில் டிக்கெட்டும் இல்லை. திரும்பும்போதுதான் சிக்கல். நான்கு மணி நேரத்தில் உடம்பிலிருந்து இரண்டு, மூன்று லிட்டர் நீரை இழுத்திருப்போம். பிரஷர் இறங்கியிருக்கும், கெண்டைக்கால் பிடித்திருக்கும், ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி நிற்பார்கள். அந்த நிலையில் 56ஏ பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கச் சொல்ல முடியுமா? கூட ஒரு ஆள் வர வேண்டும், அந்த ஆளுக்கு அன்றைய கூலி போச்சு. "இந்த வாரம் ரெண்டு தடவை போதும்மா" என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். அடுத்த வாரம் முகம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, நேராக அவசரப் பிரிவுக்கு வருவார்கள். போன மழைக்காலத்தில் வியாசர்பாடியிலிருந்து வருகிற ஒரு அக்காவை இப்படித்தான் இழந்தோம். மெஷின் காலியாக இருந்தது, அவருடைய நேரத்துக்கு.

திரட்டுகிற பணம் டயாலிசிஸுக்கு என்று பொதுவாகப் போகாமல், திரும்பிப் போகும் ஆட்டோவுக்குப் போனால் ஒரு வருடத்துக்குப் பத்துப் பேரையாவது தவறாமல் வரவைக்கலாம். படத்தில் போட அழகாக இருக்காது. ரிப்பன் வெட்ட எதுவும் இல்லை.

இன்னொன்று, காலைநாலுமணி சார், இளநீர் நம்முடைய ஆட்களுக்கு விஷம் மாதிரி. பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். ஓடிவிட்டு வந்து அப்பா எதிரில் உட்கார்ந்து குடிக்காதீர்கள் தம்பி, அவர் ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் என்று அளந்து குடிக்கிறவர்.

எண்ணூர்க்காரி | 13 ஆகஸ்ட் 2024

அம்மா அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த வருடம் நானும் இப்படி ஓடினேன். பத்து கிலோமீட்டர்தான். அந்த மருத்துவமனையே ஒரு துக்கத்தில் பிறந்ததுதான். தங்கை புற்றுநோயில் இறந்ததை மறக்க முடியாமல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஊர் ஊராகப் பணம் கேட்டு 1954ல் அதைத் தொடங்கினார். ஆகவே கேட்பதில் வெட்கம் இல்லை, கேளுங்கள்.

நான் கேட்க நினைப்பது வேறு. ஞாயிறு காலை நீங்கள் மூன்று மணி நேரம் ஓடப் போகிறீர்கள். வந்து குளித்து, சாப்பிட்டு, மதியம் வரை தூங்குவீர்கள், தூங்காமல் முடியாது. அந்த நேரம் அப்பாவை யார் பார்ப்பார்கள்? அம்மாவா, மனைவியா? டயாலிசிஸ் இல்லாத நாளில்தான் அவர்களும் கொஞ்சம் காலை நீட்டுவார்கள். "அப்பாவுக்காக ஓடுகிறான்" என்று ஊர் உங்களைப் பாராட்டும், அப்பாவுக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்தவரை ஒருவரும் பாராட்ட மாட்டார்கள். என் ஓட்டத்துக்கு நேரம் கொடுத்தது என் அண்ணி. மெடலோடு படம் எடுத்தபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார், படத்தில் இல்லை.

ஓட வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தை உங்கள் பங்கிலிருந்து எடுங்கள், அவர்கள் பங்கிலிருந்து எடுக்காதீர்கள். கிரிக்கெட், டீக்கடை, போன் எல்லாம் குறையட்டும். வேலைக்குப் போகும் முன் வார நாளில் ஓடுங்கள். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வருகிற அப்பாவுக்கு நீங்களே துணை இருங்கள்.

போஸ்டருக்கு நான் கேரம்போர்டு பக்கம்.

கொருக்குப்பேட்டைக்காரன் | 16 ஆகஸ்ட் 2024

எல்லோருக்கும் நன்றி. நேற்று அப்பாவோடு நான் போனேன். அம்மா சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குப் பேரனோடு பள்ளிக்கூடம் போனார், இந்த வருடத்தில் அதற்கு முன் அவர் அப்பாவை விட்டு வெளியே போனதை நான் பார்க்கவே இல்லை. எண்ணூர்க்காரி அக்கா சொன்னது சுருக்கென்று தைத்தது.

மெஷினில் போட்டு அரை மணி நேரம் ஆனதும் கேட்டேன். இடது கை அசையக் கூடாது, வலது கையால் பேப்பரை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு தூரம்டா?"

"நாற்பத்திரண்டு கிலோமீட்டர்ப்பா."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "அது கும்மிடிப்பூண்டி ஆச்சே. நம்ம ஸ்டேஷன்ல ஏறினா ரயிலே விடுறான், நீ எதுக்கு ஓடறே?"

பக்கத்துப் படுக்கையில் இருந்த பெரியவர் சிரித்ததில் அவருடைய மெஷின் அலாரம் அடித்துவிட்டது. நர்ஸ் வந்து எங்களைத் திட்டினார்.

அப்புறம் பாதி தூரமும் இருக்கிறது என்று சொன்னேன். "அப்ப மீஞ்சூர். மீஞ்சூர் போதும்" என்றார். இந்தப் பேரத்தில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி. படம் போடுவதைப் பற்றிக் கேட்டதும் பேப்பரை இறக்கினார். "முப்பது வருஷம் கிரேன் மேலே உட்கார்ந்த படம் ஒண்ணு கிடையாது. இதைப் போடுவியா?" அவ்வளவுதான் சொன்னார். நண்பனிடம் போஸ்டரை அழிக்கச் சொல்லிவிட்டேன். பெயர் போடலாமாம், இன்ஷியலோடு.

ஆட்டோ விஷயத்தைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். அந்த ஷிப்டில் யார் யார் எந்தப் பக்கம், யார் திரும்பும்போது தலை சுற்றி வாசல் படியில் உட்கார்ந்துவிடுகிறார், யாருக்கு மகன் வருவதில்லை எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பட்டியல் சொன்னார், பேப்பர் ஓரத்திலேயே எழுதிக்கொண்டேன். ஊசி குத்துகிற கையில் பிஸ்டுலா போட்ட இடத்தை, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடத்தை, தொட்டால் உள்ளே எப்போதும் ஒரு அதிர்வு ஓடும், தினமும் ராத்திரி அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். நேற்று வரும் வழியில் அந்தக் கையை என் தொடை மேல் வைத்துக்கொண்டு, பட்டியலில் விட்டுப்போன ஒருவரை ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தார்.

ஆக, 21.1 கிலோமீட்டர். பெரிய தொகை கொடுப்பவர்கள் நேராக அறக்கட்டளைக்கு. ஆட்டோவுக்கு மட்டும் நெருங்கியவர்களிடம் சின்னதாக, 50,000க்குள், நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதி மாதாமாதம் இங்கேயே போடுகிறேன். சரியா வரவுசெலவு சார்?

வரவுசெலவு | 16 ஆகஸ்ட் 2024

சரி. ஆட்டோக்காரருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து அதில் மட்டும் வாங்குங்கள், சம்பளக் கணக்கோடு கலக்க வேண்டாம்.

காலைநாலுமணி | 17 ஆகஸ்ட் 2024

மீஞ்சூர் என்று முடிவானதில் மகிழ்ச்சி. ஓடத் தொடங்கும் முன் ஒன்று செய்யுங்கள் தம்பி. உங்களுக்கும் சர்க்கரை, பிரஷர், கிரியாட்டினின் (கிட்னி வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம் நான்கும் பாருங்கள். அப்பாவுக்கு இருக்கிறது, உங்களுக்கு வயது ஏறுகிறது.

ஓடுகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, வலி தெரியக்கூடாது என்று ஓட்டத்துக்கு முன்னால் புரூபென் வகை மாத்திரையைப் போட்டுக்கொள்வார்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது நேராகக் கிட்னியில்தான் கை வைக்கும். கிட்னிக்காக ஓடுகிறவர் அதைத் தொடக்கூடாது. முழங்கால் வலித்தால் அன்றைக்கு ஓடாதீர்கள், அவ்வளவுதான்.

தொடை உரசும் இடத்தில் வாசலின். புது ஷூவை ஓட்ட நாளில் போடாதீர்கள். ஞாயிறு நாலு மணிக்குக் கல்மண்டபம் வந்தால் நாங்கள் ஆறேழு பேர் இருப்போம்.

கேரம்போர்டு | 18 ஆகஸ்ட் 2024

ஓடுவது தேவையில்லை என்பதுதான் இன்னமும் என் கருத்து. ஆனால் ஆட்டோ என்றால் நான் பேசலாம். கல்மண்டபம் ஸ்டாண்டில் என்னோடு கேரம் ஆடுகிறவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். மீட்டருக்குப் பேசினால் ஒத்துவராது, மாதச் சவாரியாகப் பேச வேண்டும், ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றுகிற மாதிரி. ஒரே பக்கம் போகிறவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தால் செலவு பாதியாகும். பட்டியலில் யார் எந்த ஏரியா என்று மட்டும் அனுப்புங்கள், பெயர் வேண்டாம்.

ஊசிமுனை | 18 ஆகஸ்ட் 2024

இரண்டிரண்டு பேராகச் சேர்க்கலாம், ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடியாது. ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க ஒருவருக்குப் பத்து நிமிடம், இன்னொருவருக்கு அரை மணி. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து அவசரப்படுத்தக் கூடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, இரண்டாவது ஷிப்ட் முடிய மதியம் மூன்று ஆகிவிடும். அது ஸ்கூல் விடுகிற நேரம் ஆச்சே, வண்டி கிடைக்குமா?

கேரம்போர்டு | 18 ஆகஸ்ட் 2024

ஸ்கூல் சவாரி மூன்றரைக்கு. மூன்று மணி ஆட்களுக்கு ஸ்கூல் சவாரி இல்லாத வண்டி ஒன்றைத் தனியாகப் பிடிக்க வேண்டும். ஒருவர் இருக்கிறார், பொறுமைசாலி, கேரமிலும் அப்படித்தான், ஒரு காயைப் போட கால் மணி நேரம் யோசிப்பார். செவ்வாய்க்கிழமை கேட்டுச் சொல்கிறேன்.